காட்டுப் பட்டுப்பூச்சிகளுக்குப் பெயரிடுதல்

இன்றைய உரை ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. நம் முன்னே இரண்டு அந்துப்பூச்சிகள் இருக்கின்றன. அவை ஒரே இனமா, வெவ்வேறு இனங்களா என்பதை எந்தச் சான்றைக் கொண்டு தீர்ப்பது? வெப்பமண்டலக் காடுகளில் வாழும் பட்டு அந்துப்பூச்சிகளை எடுத்துக்கொண்டு இதற்கு விடை தேட விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டையிலிருந்து இறக்கை விரியும் வரை வளர்த்துப் பார்த்து எழுதிய வாழ்க்கைக் குறிப்பே முதன்மைச் சான்றாக வேண்டும். இறக்கையின் நிறம், ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, குரோமோசோம் எண்ணிக்கை, டி.என்.ஏ. வரிசை ஆகிய எல்லாம் அந்தக் குறிப்போடு சேர்த்து வைத்தால்தான் சரியான பொருள் தருகின்றன. தனியாக எடுத்தபோது அவை ஒவ்வொன்றும் ஆய்வாளர்களைத் தவறான வழியில் கொண்டுபோயிருக்கின்றன.

நான் பேசும் பூச்சிகள் சாட்டர்னிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2018-இல் வெளிவந்த உலகப் பட்டியல் இக்குடும்பத்தில் 3,400-க்கும் மேற்பட்ட இனங்களைக் காட்டுகிறது. முசுக்கொட்டைப் பட்டுப்புழு வேறு குடும்பம். இந்தியாவின் டசர், முகா, எரி ஆகிய மூன்று பட்டுகளும் இந்தச் சாட்டர்னிடே குடும்பம் தந்தவை. இதன் வளர்ந்த பூச்சிக்கு வாயுறுப்பு குன்றிப்போயிருக்கும்; அது எதையும் உண்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஒரு வாரம், சற்று முன்பின்னாக, உயிர்வாழ்கிறது. தின்பது, வளர்வது, எதிரிகளிடமிருந்து தப்புவது, கூடு கட்டுவது எல்லாம் புழுவின் வேலை. இறக்கை முளைத்த பிறகு மிஞ்சுவது இணைசேர்தலும் முட்டையிடுதலும்தான். கல்யாணக் கோலத்தில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒருவரின் குலம், தொழில், பிறந்த ஊர் எல்லாவற்றையும் சொல்லிவிட முயல்வது எப்படியோ, அப்படித்தான் இந்தப் பூச்சியை இறக்கையால் மட்டும் அறிய முயல்வதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெண்பூச்சி இரவில் வாசனையை வெளியிடுகிறது. ஆண்பூச்சி தன் இறகு போன்ற உணர்கொம்புகளால் அதை முகர்ந்து வந்து சேர்கிறது. துணையைத் தேடும் வேலையில் இறக்கை நிறத்துக்குப் பங்கு மிகக் குறைவு. இறக்கையின் பெரிய கண்புள்ளிகள் பறவைகளை மிரட்டப் பயன்படுபவை. ஆக, இருநூறு ஆண்டுகளாக நாம் உற்றுப் பார்த்துவந்த அடையாளம், அந்தப் பூச்சி தன் இனத்தைக் கண்டுகொள்ளப் பயன்படுத்தும் அடையாளம் அன்று.

ஆனால் பெயரிடும் வேலை இறக்கையிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. வெப்பமண்டலப் பூச்சிகள் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனபோது ஊசியில் குத்திய உலர்ந்த உடல்களாகவே போயின. எந்த மரத்தில் புழுவாக இருந்தது, எந்த மாதத்தில் கூடு கட்டியது என்பவை கூடப் போகவில்லை. லின்னேயஸ் 1758-இல் அட்லஸ் அந்துக்குப் பெயர் வைத்தார். அதே நூலில் பாஃபியா என்ற பெயரையும் சூட்டினார். டுரூரி 1773-இல் மைலிட்டா என்ற பெயரைத் தந்தார். நம் டசர் பூச்சியைப் பாஃபியா என்று அழைப்பதா, மைலிட்டா என்று அழைப்பதா என்ற வழக்கு இருபதாம் நூற்றாண்டின் பட்டு வளர்ப்பு நூல்கள் வரை இழுத்துக்கொண்டே வந்தது. இந்தக் குழப்பத்துக்குப் பூச்சியின் இயல்பும் ஒரு காரணம். டசரின் ஆண்பூச்சி பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். பெண்பூச்சி மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். புழுக்களில் பச்சை, மஞ்சள், நீலம் என்று நிற வேறுபாடு உண்டு. கூடும் மஞ்சள், சாம்பல் என இரு நிறங்களில் கிடைக்கிறது. இவற்றை ஒரே தாயின் பிள்ளைகளாகக் கண்டவருக்கு ஓர் இனம். தனித்தனிப் பெட்டிகளில் உலர்ந்த நிலையில் கண்டவருக்குப் பல இனங்கள்.

வளர்த்துப் பார்த்தவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். வில்லியம் ராக்ஸ்பர்க் வங்காளத்தின் டசர், எரிப் புழுக்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1804-இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது. தாவரவியலாளராக இருந்த அவர் புழு தின்னும் மரத்திலிருந்தே தொடங்கினார். டசருக்கு இலந்தையும் கருமருதும், எரிக்கு ஆமணக்கும் என்று எழுதிவைத்தார். டசர் புழு தன் கூட்டைக் கெட்டியாகக் கட்டி, ஒரு காம்பினால் கிளையில் வளையமிட்டுத் தொங்கவிடுகிறது. பூச்சி வெளிவரும்போது ஒரு நொதியைச் சுரந்து கூட்டின் முனையை இளக்கிக்கொள்கிறது. எரிப் புழுவின் கூடு ஒரு பக்கம் திறந்தே இருக்கும். அதனால்தான் எரியை ஒரே இழையாக உருவ முடியாமல் பஞ்சு போல நூற்கிறார்கள். பேரினங்களையே பிரித்துக் காட்டும் இந்த வேறுபாடு இறக்கையில் எழுதப்பட்டிருக்கவில்லை. முசூரியில் வாழ்ந்த தாமஸ் ஹட்டன் இமயமலைக் காட்டுப் பட்டுப்பூச்சிகளை வளர்த்து ஆராய்ந்தவர். எரியின் காட்டு உறவான கானிங்கி அவர் பெயரிட்டதே. எரி கானிங்கியிலிருந்து மனிதர் வளர்த்தெடுத்த வடிவம் என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு.

இறக்கையைப் பற்றி நான் கடுமையாகப் பேசுவதாகச் சிலர் கருதலாம். இறக்கை முழுக்கப் பொய் சொல்வதில்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து பின்னர் லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் வெளிவந்த தம் இந்திய அந்துப்பூச்சித் தொகுதிகளில் இறக்கை நரம்புகளின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டார். குடும்பங்களையும் பேரினங்களையும் பிரிக்க அந்த முறை இன்றைக்கும் பயன்படுகிறது. பல்லாயிரம் பூச்சிகளுக்கு ஒழுங்கு கொடுத்த அவர் உழைப்பை மதிக்காமல் யாரும் இந்தத் துறைக்குள் நுழைய முடியாது. சிக்கல் அதற்குக் கீழே, நெருங்கிய இனங்களின் மட்டத்தில்தான் வருகிறது. நரம்புகள் அங்கே ஒன்றுபோல் இருக்கின்றன. நிறமோ ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அட்லஸ் அந்தின் பேரினமான அட்டாக்கஸைப் பாருங்கள். வட இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை அட்லஸ், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் டாப்ரோபேனிஸ், அந்தமானில் மக்முல்லெனி, பிலிப்பைன்ஸில் லார்க்வினி, தீமோரில் டோஹர்டி, ஆஸ்திரேலியாவின் வடக்கில் வார்டி. தீவுக்கொன்று, நிலத்துக்கொன்று என்று இவை பிரிந்து கிடக்கின்றன. ரிச்சர்ட் பெய்க்ளர் 1989-இல் இந்தப் பேரினம் முழுவதையும் மறுஆய்வு செய்தார். இறக்கை, இனப்பெருக்க உறுப்பு, புழு, பரவல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, பத்துக்கு மேற்பட்ட இனங்களை ஏற்றுக்கொண்டார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பூச்சி 1880-களில் ஃபிரடெரிக் மூர் இலங்கை மாதிரிகளைக் கொண்டு பெயரிட்ட டாப்ரோபேனிஸ் என்பதைத் தமிழ்நாட்டில் இன்னும் பலர் அறியவில்லை. பார்த்தவுடன் அட்லஸ் என்றே எழுதிவிடுகிறார்கள். கடல் பிரித்த இரண்டு கூட்டங்கள் இயற்கையில் சந்திப்பதே இல்லை. ஆகவே அவை இணைசேருமா என்று காட்டில் சோதிக்க வழியில்லை. இங்கேதான் முழு வாழ்க்கைக் குறிப்பின் தேவை கூடுகிறது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அட்டாக்கஸ் புழுக்கள் பலவகை மரங்களின் இலையைத் தின்பவை. எந்த மரம் என்ற ஒரு செய்தியை மட்டும் வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய இயலாது.

என் வாதத்துக்கு வலுவான சான்று மத்திய அமெரிக்காவிலிருந்து வருகிறது. கோஸ்டா ரிக்காவின் வடமேற்கில் குவானகாஸ்டே காப்புப் பகுதி இருக்கிறது. அங்கே டேனியல் ஜான்சனும் வினிஃப்ரெட் ஹால்வாக்ஸும், பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களும், 1978 முதல் காட்டுப் புழுக்களைத் தேடி எடுத்து வளர்த்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு புழுவுக்கும் ஓர் எண். கிடைத்த இடம், தேதி, தின்ற செடி, வெளிவந்த பூச்சி ஆகிய எல்லாம் அந்த எண்ணின்கீழ் பதிவாகின்றன. அப்பகுதியின் பட்டு அந்துகள் நன்றாகவே அறியப்பட்டவை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவற்றில் உலர்காட்டைச் சேர்ந்த 32 இனங்களை எடுத்து டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அந்த 32 பெயர்களுக்குள் 49 வரையிலான தனித்தனி உயிரினங்கள் ஒளிந்திருப்பதாகத் தெரிந்தது. பேரரசு அந்து என்று பெயர் பெற்ற ஈக்லெஸ் இம்பீரியாலிஸ் அப்படிப் பிரிந்த பெயர்களில் ஒன்று. உலர்காட்டிலும் மழைக்காட்டிலும் ஒரே பூச்சிதான் வாழ்கிறது என்று கருதப்பட்ட இடங்களில், காட்டுக்கு ஒன்றாக இரண்டு இருந்தன. ஒரே பெயரின்கீழ் அதுவரை சேர்த்துவைத்த உணவு, பருவம், வாழிடம் பற்றிய குறிப்புகள் இரண்டு இனங்களின் கலவை என்று இதற்குப் பொருள். சேர்த்த செய்திகளைப் பிரித்தெடுக்க முடிந்தது ஒவ்வொரு பூச்சிக்கும் இடமும் எண்ணும் எழுதப்பட்டிருந்ததால்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இனங்களைப் பிரித்துக் காட்டியது டி.என்.ஏ. தானே, பிறகு புழு வளர்க்கும் சிரமம் எதற்கு? ஒரு காலைக் கிள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதாதா? டி.என்.ஏ. தந்த உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத புழுவையும் பூச்சியையும் அது இணைத்துவிடுகிறது. பழைய அருங்காட்சியக மாதிரியைக்கூடப் பேசவைக்கிறது. ஆனால் வழக்கமான பட்டைக்குறியீடு 658 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு மரபணுத் துண்டு. அது மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் தாய்வழியாக மட்டுமே இறங்குகிறது. தந்தைவழிக் கலப்பு அதில் பதிவாகாது. உயிரணுவுக்குள் வாழும் ஓல்பாக்கியா போன்ற பாக்டீரியாக்கள் தாய்வழியே பரவும்போது அந்த வரிசையின் பரவலையும் திரித்துவிடக்கூடும். அதே குவானகாஸ்டே காட்டில் ஒரு துள்ளி வண்ணத்துப்பூச்சியை 2004-இல் பத்து இனங்களாகப் பிரித்தார்கள். அதே தரவுகளை மறுபடி பகுத்த இன்னோர் ஆய்வாளர் அத்தனை பிரிவுகளுக்கு ஆதாரம் போதாது என்றார். எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. ஒன்றுக்கு மேல் என்பதில் வேறுபாடு இல்லை. ஏனென்றால் புழுக்களின் நிறமும் அவை தின்ற செடிகளும் வேறு வேறு என்பதை டி.என்.ஏ. சோதனைக்கு முன்பே வளர்ப்புக் குறிப்புகள் காட்டியிருந்தன. எழுத்துகளில் எத்தனை விழுக்காடு மாறினால் வேறு இனம் என்பதற்கு இயற்கை எந்த எல்லைக்கோடும் போட்டுவைக்கவில்லை. கோடு எங்கே விழ வேண்டும் என்பதைப் பூச்சியின் வாழ்க்கைதான் சொல்ல வேண்டும்.

குரோமோசோம் எண்ணிக்கையும் இப்படித்தான். டசரின் பேரினமான ஆன்தெரியாவில் டசருக்கு 31 இணை, முகாவுக்கு 15 இணை, சீன ஓக் டசரான பெர்னிக்கு 49 இணை. முகாவின் 15 என்ற எண் தனித்து நிற்கிறது. அசாமில் அது தின்னும் சோம், சோவாலு மரங்களும் டசரின் மரங்களுக்கு வேறான குடும்பத்தவை. எனவே முகாவைத் தனிக் கிளையாக வைப்பதில் எண்ணும் உணவும் ஒத்துப்போகின்றன. இதைப் பார்த்துவிட்டு எண்ணே போதும் என்று நினைத்தால் அடுத்த எடுத்துக்காட்டிலேயே வழுக்கி விழுவோம். இமயமலையின் ராய்லிக்கு 30, 31 என்று எண்ணியிருக்கிறார்கள், பெர்னிக்கு 49. இவ்வளவு இடைவெளி இருந்தும் இரண்டையும் கலந்தால் வளமான சந்ததி கிடைக்கிறது. 1960-களில் ராஞ்சியின் டசர் ஆராய்ச்சி நிலையத்தில் அப்படி உருவாக்கப்பட்ட ப்ராய்லிதான் இந்திய ஓக் டசர் தொழிலுக்கு அடித்தளம். பெர்னி என்பதே ராய்லியிலிருந்து சீனர்கள் வளர்ப்பின் வழியாக உருவாக்கியது என்று பெய்க்ளர் 2012-இல் பலவகைச் சான்றுகளோடு வாதிட்டார். அது சரியென்றால் எண்ணிக்கை மாறிவிட்டது, ஆனால் இனப் பிரிவு இன்னும் முற்றுப்பெறவில்லை. எரியின் பேரினத்திலும் இதுவே நிலை. எரிப் பெண்பூச்சிக்கு 27 குரோமோசோம், ஆண்பூச்சிக்கு 28. ஜப்பானில் வாழும் நெருங்கிய உறவில் பெண்ணுக்கு 25, ஆணுக்கு 26. இவையும் ஆய்வுக்கூடத்தில் கலந்து பிள்ளை பெறுகின்றன.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. வளர்ப்பிலும் பொய் உண்டே என்பார்கள். வெப்பம், ஈரம், இலையின் தரம் ஆகியவை பூச்சியின் அளவையும் நிறத்தையும் மாற்றும். கூண்டில் அடைத்தால் இயற்கையில் சேராதவையும் சேரும். முதல் பகுதிக்கு என் பதில் நேரானது: சூழல் எவ்வளவு மாற்றுகிறது என்பதை அறிய, ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து வெவ்வேறு நிலைகளில் வளர்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. எரிப் புழுக்களில் புள்ளியில்லாதது, புள்ளியுள்ளது, வரிக்குதிரைக் கோடுள்ளது என்ற வகைகளும், மஞ்சள், பசுநீலம் என்ற நிறங்களும் இருப்பதும், அவை ஓர் இனத்துக்குள் பரம்பரையாக இறங்கும் குணங்கள் என்பதும் வளர்ப்பினால் தெரிந்தவையே. இரண்டாம் பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். வட அமெரிக்காவின் காலோசாமியா பேரினத்தில் ஓர் இனம் நண்பகலை ஒட்டியும், இன்னோர் இனம் மாலையிலும், மூன்றாவது இருட்டிய பின்னும் இணைசேர்கின்றன. நேரம்தான் அவற்றுக்கு வேலி. கூண்டில் அந்த வேலியை மனிதர் உடைக்க முடிகிறது. ஆகவே கூண்டில் பிள்ளை பிறந்தது என்பது மட்டும் ஒரே இனம் என்பதற்குச் சான்றாகாது. கூட்டிலிருந்து வந்த கன்னிப் பெண்பூச்சியை அதன் காட்டிலேயே வைத்து, எந்த மணிக்கு வாசனை விடுகிறது, எந்த ஆண் வருகிறது என்று பார்ப்பதையும் வளர்ப்பின் பகுதியாகக் கொள்ள வேண்டும்.

இப்படித் துருவிக்கொண்டே போனால் இனங்கள் பெருகிப் பட்டுத் தொழிலாளிக்கும் வனத்துறைக்கும் தலைவலியாகும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. வளர்த்துப் பார்ப்பது பிரிக்க மட்டும் பயன்படும் என்ற எண்ணத்தில் பிறக்கும் அச்சம் அது. டசரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வட்டார வகைகள் சொல்லப்படுகின்றன. டாபா, சுகிந்தா வளர்ப்பில் பெரிதும் இருப்பவை. பஸ்தரின் சால் காட்டு ரெய்லியும் ஒடிசாவின் மோடலும் பெரும்பாலும் காட்டிலேயே விளைபவை. மோடல் ஆண்டுக்கு ஒரு தலைமுறை. டாபா இரண்டோ மூன்றோ. கூட்டின் அளவும் உறுதியும் வேறு. கூடுகளை மட்டும் பார்த்தால் பெயர் வைக்கும் ஆசை யாருக்கும் வரும். இவை தமக்குள் கலந்து பெருகுவதை வளர்ப்பாளர்கள் கண்டிருப்பதால்தான் ஓரினம் என்ற முடிவு நிற்கிறது. ஓரினம் என்பதால் வேறுபாடு அற்பம் என்று ஆகிவிடாது. சால் காட்டுக்குப் பழகிய ரெய்லியின் இடத்தில் டாபா முட்டைகளை அளவின்றிக் கொண்டுபோய்விட்டால், கலந்து கரைந்துபோகும் குணங்களைத் திரும்பப் பெற முடியாது. அந்தக் கூடுகளைப் பொறுக்கிப் பிழைக்கும் பழங்குடி மக்களுக்கு இது வருமானச் சிக்கல். சரியாக இணைப்பதும் சரியாகப் பிரிப்பதும் ஒரே ஆவணத்திலிருந்துதான் வர முடியும்.

நடைமுறைக்கு ஒத்துவராது என்ற கடைசி மறுப்பைச் சுருக்கமாகவே எடுத்துக்கொள்கிறேன். பல இனங்கள் விளக்குக்கு வந்த சில ஆண்பூச்சிகளால் மட்டுமே அறியப்பட்டவை. புழுவைக் கண்டவர் எவருமில்லை. அவற்றுக்குப் பெயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெயர் வையுங்கள்; அது தற்காலிகமானது என்பதையும், எந்தச் சான்றில் நிற்கிறது என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே எழுதுங்கள். விற்பனையாளரிடம் வாங்கிய, ஊர்ப்பெயர் மட்டும் ஒட்டிய இரண்டொரு மாதிரிகளையும் சிறு டி.என்.ஏ. வேறுபாட்டையும் கொண்டு புதுப்பெயர் சூட்டும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். பெயரைச் சூட்டுவது ஒரு பக்க வேலை. தவறான பெயரை நீக்கப் பின்வருபவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் செய்ய வேண்டிய பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் டாப்ரோபேனிஸ் இருக்கிறது. ஆமணக்கும் மரவள்ளியும் விளையும் நம் மாவட்டங்களில் எரி வளர்ப்பு நடக்கிறது. விலங்கியல் துறையுள்ள கல்லூரிகள் ஊர்தோறும் இருக்கின்றன. அத்துறைகளின் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. வனத்துறையின் அனுமதியோடு, உங்கள் பகுதியில் கிடைக்கும் ஒரே ஒரு பட்டு அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தாயின் முட்டைகளை மாணவர்களைக் கொண்டு வளர்க்கச் செய்யுங்கள். ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பின்னும் புழுவைப் படம் எடுக்கட்டும். தின்ற மரம், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பெண்பூச்சி வாசனை விட்ட மணி ஆகியவற்றை எழுதட்டும். ஒரு காலைச் சாராயத்தில் போட்டு வையுங்கள். வெற்றுக்கூட்டைக் குப்பையில் போடாமல் பூச்சிக்குரிய அதே எண்ணோடு பெட்டியில் சேர்த்து வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெயரிடத்தை வெறுமையாக விடுங்கள். பார்த்தவுடன் அட்லஸ் என்று எழுதிவிடாதீர்கள்.